வெளியேறு என்றொரு பொத்தான்

என்னைப் பெங்களூருக்கு அனுப்பியது எங்கள் காப்பீட்டு அலுவலகம். புதிதாக வரப்போகும் கணினி முறையைக் கற்றுக்கொண்டு வர, திருநெல்வேலிக் கிளையிலிருந்து ஒருவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கீபோர்டைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாத ஆள் கிளையில் நான் ஒருவன்தான். மேலாளர் என் பெயரை எழுதிவிட்டார். வாயெல்லாம் பல்லாக நான் தலையாட்டியதைப் பார்த்து, பயிற்சிக்கு இப்படி ஒருவன் சந்தோஷப்படுவானா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

என் சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. லினக்ஸ் என்றொரு இயங்குதளம் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டு மயங்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அதன் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்க, பல ஊர்களில் சிதறிக் கிடந்த பத்துப் பதினைந்து பேர் மின்னஞ்சல் வழியாகக் கூடியிருந்தோம். வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. அலுவலகம் முடிந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இரண்டு வருஷம் வரி வரியாகத் தமிழாக்கினேன்.

சண்டைக்கும் குறைவில்லை. மெனுவில் கடைசியாக வரும் வரி, அதாவது வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்த அமுக்குகிற வரி, அதற்கு என்ன போடுவது? கொழும்பிலிருந்து வாசுகி என்ற பெண் 'விடைபெறு' என்றாள். விடைபெற இது என்ன கல்யாண வீடா என்று கிண்டலடித்து, 'வெளியேறு' என்பதே சுருக்கம், தெளிவு, கணினிக்கு ஏற்ற கம்பீரம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில் வாசுகிக்கு அலுத்துவிட்டது. 'வெளியேறு' நிலைத்தது. அந்த வெற்றியை என் மனைவியிடம் சொன்னபோது, "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

இத்தனை உழைத்தும், என் தமிழ் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் குழுவில் பெங்களூரில் இருந்தவர் குமரேசன். தர்மபுரிக்காரர், மென்பொருள் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் லினக்ஸ் போட்டுக்கொடுப்பது அவர் பொழுதுபோக்கு. 'இங்கே மூன்று வீடுகளில் உங்கள் தமிழ் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த மூன்றில் ஒரு வீட்டிலாவது யாராவது உட்கார்ந்து என் சொற்களைப் படித்து வேலை செய்வதைப் பார்த்துவிட வேண்டும். நான் ரயிலேறியது அதற்குத்தான்.

வியாழக்கிழமை காலை சிவாஜிநகர் லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினால், குளிர். எங்கள் ஊரில் மார்கழியில்கூட இப்படிக் காது சில்லிடாது. பஸ் நிலையத்துக்கு எதிரே, நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு ஓட்டலில் குமரேசன் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். மின்னஞ்சலில் மூத்த எழுத்தாளர் மாதிரி எழுதுகிறவர், நேரில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரி மாணவர் மாதிரி நின்றார்.

இட்லி பஞ்சு. சாம்பார்தான் இனித்தது. வெல்லம் தவறி விழுந்துவிட்டதோ என்று நான் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க, குமரேசன் சிரித்தார்.

"இங்க சாம்பார் இப்படித்தான் சார். மூணு மாசத்துல பழகிடும். அப்புறம் ஊருக்குப் போனா ஊர் சாம்பார் காரமா இருக்கும்."

பிறகு "காபி, பை-டூ" என்றார். ஒரே காபி இரண்டு சின்ன தம்ளரில் பாதிப் பாதியாக வந்தது. அக்கம்பக்கத்து மேசைகளிலும் எல்லோரும் அப்படியே. திருநெல்வேலியில் ஒரு சிநேகிதருக்கு அரைத் தம்ளர் காபி வாங்கிக்கொடுத்தால் அடுத்த தெருவில் பார்த்தாலும் பேசமாட்டார். இங்கே அது ஒரு நட்பு முறை என்று தெரிந்ததும் நானும் பாதியைக் குடித்து, ஆசை தீராமல் இன்னொரு பை-டூ சொன்னேன்.

முதல் வீடு அன்று சாயங்காலமே, லாட்ஜிலிருந்து நடக்கும் தூரத்தில். கீழே துணிக்கடை, மேலே வீடு. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பூப்போட்ட துணியால் மூடியிருந்த கம்ப்யூட்டரை, துணியை விலக்கி அவரே போட்டுக் காட்டினார். நான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தேன். திரையில் விண்டோஸ் வந்தது.

"லினக்ஸ் எங்க பாய்?" என்றார் குமரேசன்.

"அந்த சிடியா? அதோ, பாருங்க" என்று பால்கனியைக் காட்டினார் பாய். கொடிக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்ட சிடி காற்றில் சுழன்று மின்னிக்கொண்டிருந்தது. "பொறா தொல்ல தாங்கல தம்பி. அத கட்டுனதுலேந்து ஒண்ணு கூட வர்றதில்ல. சுக்ரியா."

"நீங்களே போட்டுக்கறேன்னு சொன்னீங்களே, போட்டே பார்க்கலியா?"

"தப்பா நெனைக்காத. சும்மா குடுக்கற சாமான எப்பிடி நம்பறது? காசு குடுத்து வாங்கிருந்தா, கெட்டுப்போனா கடைக்காரன் சட்டையப் புடிக்கலாம். நீ பிரியமா குடுத்துட்டே. உன் சட்டைய எப்பிடிப் புடிக்கறது, சொல்லு?"

எங்கள் குழுவில் சுதந்திரத்தைப் பற்றி எழுதித் தள்ளிய ஒருவருக்கும் சட்டையைப் பற்றி யோசனை வந்ததில்லை. பாய் கொடுத்த, பால் இல்லாத சுலைமானி டீ அருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து, இரண்டாவது வீடு இருக்கும் ஆடுகோடிக்கு நானே பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று குமரேசனிடம் வீரம் பேசியிருந்தேன். பஸ்ஸின் நெற்றியில் பெயரும் எண்ணும் கன்னடத்தில். கன்னட எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருந்தேன். ஆறு எது, ஒன்பது எது என்று தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக் குழம்பி, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றினேன். படிக்கத் தெரிந்த ஆள் படிக்க முடியாத பலகையைப் பார்த்து விழிக்கிற விழி எப்படி இருக்கும் என்று ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. கடைசியில் கண்டக்டர், "தமிழா? மொதல்லயே கேக்கறதுதானே?" என்று நல்ல தமிழில் திட்டி இறக்கிவிட்டார்.

ஆடுகோடியில் முனுசாமி என்பவரின் லேத் பட்டறை, அதன் பின்புறமே வீடு. குமரேசன் எனக்கு முன்பே வந்திருந்தார். தாமதமாகப் போனதற்கு முனுசாமி கோபித்துக்கொள்ளவில்லை. கைத் துணியில் கிரீசைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். முனுசாமியின் விரல் யோசிக்காமலே கீழ் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டியது.

"மேல இருக்கறது உங்குளுது சார், கீழ இருக்கறது எங்குளுது" என்றார்.

"பை-டூ சார்" என்று குமரேசன் சங்கடத்தோடு விளக்கினார். ஒரே பெட்டியில் இரண்டையும் பாதிப் பாதியாகப் போட்டுவைத்திருந்தார்.

"மேல இருக்கறத தொறக்கறதே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"தொறந்தா இன்டர்நெட்டுக்கு போன் லைன் புடிக்க மாட்டேங்குது சார், அந்த மோடம் உங்க ஆளோட பேசாது. ஆனா அழிக்கல. நம்ம குமரேசு தம்பி கஷ்டப்பட்டுப் போட்டது, இருந்துட்டுப் போவட்டும்."

விருந்தாளிக்கென்று ஒழித்துவைத்த அறையைப் போல என் தமிழ் அந்த ஹார்ட் டிஸ்க் வட்டின் பாதியில் பூட்டிக் கிடந்தது. முனுசாமியின் மனைவி தட்டு நிறைய மிளகாய் பஜ்ஜி கொண்டுவந்தார். எனக்கு அழுகை வராத குறை.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். வாசலில் குமரேசன் நின்றிருந்தார், முகம் சரியில்லை.

"மூணாவது வீட்டுக்கு நாளைக்குப் போறேன் சார். ஆனா காட்டறதுக்கு இல்ல. எடுத்துட்டு விண்டோஸ் போடப் போறேன்."

லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா என்று ஓர் அம்மா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை, சர்ச்சில் பாடகர் குழு. மகள் வேலை செய்த அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஸ்டெல்லா படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆகவே குமரேசன் தமிழ் லினக்ஸ் போட்டுக்கொடுத்தார். அந்த அம்மா தானே கற்றுக்கொண்டு, குழுவுக்கான பாட்டுப் புத்தகத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"நெசமாவே பயன்படுத்துறாங்களா?" என்றேன்.

"தினமும் சார். அதான் பிரச்சினை. ரெண்டு தடவ பாட்டு எல்லாம் போயிடுச்சு. பெட்டியப் போட்டாலே வட்டுல பிழை, பிழைன்னு வருது. கரண்ட் அடிக்கடி போறதாலதான்னு நெனைக்கிறேன். ஈஸ்டருக்குள்ள புத்தகம் வேணும். இதுக்கு மேல அவங்கள சோதிக்க எனக்கு மனசு வரல."

"விண்டோஸ் போட்டா அவங்க எப்படிப் படிப்பாக?"

"படிக்க மாட்டாங்க. மகள் கல்யாணமாகி ஓசூர்ல இருக்கு. அது வர்றப்ப அடிச்சுக் குடுக்கும்."

நானும் வருகிறேன் என்றேன். எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். உலகத்திலேயே என் தமிழைத் தினமும் படிக்கிற ஒரே வீடு, எனக்குத் தெரிந்தவரை, அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருந்தார். ஐம்பது வயது, கனத்த கண்ணாடி, சர்ச்சுக்குக் கட்டிய புடவை கசங்கவில்லை. "வாங்க சார், திருநெல்வேலிலேந்தா? அவ்ளோ தூரமா!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு சரோஜம்மா சித்ரான்னம் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கேயே நின்றுகொண்டார். அவர் கன்னடக்காரர். அவர் கன்னடத்தில் பேச, ஸ்டெல்லாவும் சட்டென்று கன்னடத்துக்குத் தாவி, திரும்ப எங்களிடம் தமிழுக்கு வந்தார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு அடிச்சிக் காட்டுங்களேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்தார். திரை முழுக்கத் தமிழ். 'கோப்பு', 'திருத்து', 'சேமி'. ஒவ்வொன்றையும் உதட்டசைத்துப் படித்து, சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் மெதுவாக அமுக்கினார். இரண்டு வருஷத்து உழைப்பை ஒருவர் வாய்விட்டுப் படிப்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். சித்ரான்னம் காரம் என்று சாக்குச் சொல்லித் தண்ணீர் கேட்டேன்.

நான்கு வரி அடித்தார். 'சேமி' என்பதை அமுக்கினார். எழுந்தார். நேராகச் சுவருக்குப் போய் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

குமரேசன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அக்கா! என்னக்கா பண்றீங்க? எப்பவுமே இப்படித்தான் அணைப்பீங்களா?"

"ஆமா. ஏன்?"

"கரண்ட் போவுது, கரண்ட் போவுதுன்னு நான் ஆறு மாசமா மண்டைய ஒடைச்சிக்கிறேன்! இப்படி நிறுத்தினா எழுதினதெல்லாம் பாழாயிடும்க்கா. மெனுல கடைசி வரிய அமுக்கணும்னு அன்னிக்கே சொன்னேனே?"

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அத நா அமுக்க மாட்டேன்பா" என்றார் கடைசியில். "நீ கஷ்டப்பட்டுப் போட்டுக் குடுத்தே, கொற சொல்லக் கூடாதுன்னு சும்மா இருந்தேன். அதுல இன்னா எழுதிருக்கு, பாத்தியா? வெளியேறுன்னு எழுதிருக்கு. என் ஊட்டுல, என் மேசை மேல குந்திகினு, என்ன வெளியேறுன்னு சொல்லுது."

நான் தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"தொண்ணூத்தி ஒண்ணுல காவேரி கலாட்டா நடந்துச்சில்ல, அப்ப நாங்க வேற ஏரியால இருந்தோம் சார். நாலு பேர் வந்து கதவத் தட்டி, போ போன்னாங்க. பொண்ணக் கையப் புடிச்சி இஸ்துகினு நடந்தே இவங்க ஊட்டுக்கு வந்தேன். இவங்களும் நானும் பேக்டரில ஒரே லைன்ல தைக்கறவங்க." சரோஜம்மாவைக் காட்டினார். "இவங்கதான் இந்த ஊட்டப் புடிச்சிக் குடுத்தாங்க. அன்னிக்கு அந்த நாலு பேர் சொன்னது கன்னடத்துல. தமிழ்ல எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. இந்தப் பொட்டிதான் தமிழ்ல சொல்லிச்சு."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. அரிசி விலை சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்த வார்த்தையப் போட்டது நான்தாம்மா" என்றேன்.

"ஐயோ, நீங்களா சார்?" என்று கன்னத்தில் கை வைத்தார். "பாத்தா நல்ல மாதிரி கீறீங்களே!"

சரோஜம்மாவுக்கு விஷயம் கன்னடத்தில் போய்ச் சேர்ந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் இலக்கணத்தில் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அது கணினி உங்களுக்குச் சொல்வது அல்ல, நீங்கள் கணினிக்கு இடும் ஏவல், வெளியேற வேண்டியது நிரல், அதாவது உள்ளே ஓடும் புரோகிராம்தான் என்று விளக்கினேன்.

"அப்ப அது வெளில போவுதா?" என்றார் ஸ்டெல்லா. "ஒரு நாளும் போவலியே சார். அங்கியேதான குந்திகினு கீது? எழுந்து போறது நான்தான்."

குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசுகிக்கு நான் எழுதிய அத்தனை பக்கங்களிலும், அந்த வரியை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"சரிக்கா, வேற என்ன போடலாம், நீங்களே சொல்லுங்க" என்றார் குமரேசன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த விண்டோஸ் சிடியை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்.

"நானா? மாத்தலாமா அத?"

"மாத்தலாம்க்கா. யாரையும் கேக்க வேண்டாம்."

ஸ்டெல்லா யோசித்தார். "ஊட்ட உட்டுப் போறப்ப நாம இன்னா சொல்லுவோம்? போயிட்டு வரேன்னுவோம். அதையே போடு. ஆனா அது சொல்லக் கூடாது, நான் சொல்றா மாதிரி இருக்கணும்."

அது பேச்சு வழக்கு, திரைக்கு எழுத்து வழக்குத்தான் பொருந்தும் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

பெட்டி மறுபடியும் உயிர்பெற்று, பிழைகளைத் தேடித் திருத்தி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. குமரேசன் சொற்கள் இருக்கும் கோப்பைத் திறந்து என் வரியைத் தேடிப் பிடித்தார். என் கண்ணெதிரில் 'வெளியேறு' ஒவ்வோர் எழுத்தாக அழிந்து, 'போயிட்டு வரேன்' வந்தது. ஸ்டெல்லா உட்கார்ந்து, உதட்டசைத்துப் படித்து, அமுக்கினார். திரை அணைந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த வட்டு மெல்ல ஓய்ந்து நின்றது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று சரோஜம்மா கன்னடத்தில் கேட்டார். ஸ்டெல்லா சொன்னார்.

"ஹோகி பர்த்தீனி!" என்றார் சரோஜம்மா. "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்." சித்ரான்னப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதையே எங்களிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

அழிந்துபோன பாட்டுகள் திரும்பவில்லை. ஸ்டெல்லா நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து முதல் பாட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு குமரேசன் என்னை ரயிலேற்ற வந்தார். வழியில் ஒரு பை-டூ குடித்தோம்.

ஊருக்கு வந்ததும் குழுவுக்கு எழுதினேன். 'வெளியேறு' என்பதைத் திரும்பப் பெறுகிறேன், வாசுகி சொன்னதுதான் சரி என்றேன். 'போயிட்டு வரேன்' என்பதையும் முன்மொழிந்தேன். அதைப் பேச்சு வழக்கு என்று நிராகரித்தார்கள். நிராகரிப்பதற்கு என் பழைய மின்னஞ்சல்களிலிருந்தே மேற்கோள் காட்டினார்கள். 'விடைபெறு' ஏற்கப்பட்டது. வாசுகி ஒரே வரி பதில் போட்டாள்: 'கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்களா?'

ஈஸ்டர் கழிந்து குமரேசனிடமிருந்து மின்னஞ்சல். பாட்டுப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஸ்டெல்லா அக்கா வீட்டுப் பெட்டி அதற்குப் பிறகு ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. சரோஜம்மா வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், அதில் இதையே போட்டுக்கொடு என்று கூப்பிட்டார்கள். கன்னடத்தில் இன்னும் பாதிச் சொற்கள்கூடத் தயாராகவில்லை, மெனுவெல்லாம் ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று குமரேசன் சொல்லியிருக்கிறார். 'இருக்கட்டும், அந்தக் கடைசி வரியை மட்டும் இப்போதே கன்னடத்தில் எழுதிவிடு என்றார்கள். எழுதிவிட்டேன் சார்.'

அதை இரண்டு தடவை படித்தேன். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இருந்தது ஆங்கில விண்டோஸ்தான். மூடுகிற பொத்தானில் கை வைத்தபோது, நினைப்பு எங்கேயோ இருந்ததால் வாய் தானாகவே சத்தமாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாரேன்."

கல்லாவில் இருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். "சரி அண்ணாச்சி, நாளைக்கு வாங்க."